சாப்பிட மறுக்கும் பிள்ளை, 1 முதல் 4 வயது வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கிண்ணம் சோறு ஊட்ட ஒரு மணி நேரம், வாயில் வைத்ததை அப்படியே துப்பல், கீரையைக் கண்டால் ஓட்டம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சின்னப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் இந்தக் கவலை இல்லாத வீடு குறைவு. கீழே உள்ள பதில்கள் நம் வீட்டுச் சமையலையும், இங்கே பசாரில் கிடைக்கும் பொருள்களையும், வேலைக்குப் போகும் பெற்றோரின் நேரத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முதலில் சாப்பாட்டு நேரத்தைச் சரிசெய்யுங்கள், அடுத்து அளவை, ருசி கடைசியில். பெரும்பாலான வீடுகளில் ருசியிலிருந்து தொடங்குகிறார்கள். புதுப்புது சமையல் செய்து பார்த்து அலுத்துப்போகிறார்கள்.

ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை இப்போது ஏன் இரண்டு வாயோடு நிறுத்திக்கொள்கிறது?

வளர்ச்சி மெதுவாகிவிட்டது, அதனால்தான். 3 கிலோவோடு பிறந்த பிள்ளை முதல் ஆண்டில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. அதாவது 6 கிலோ கூடுகிறது. அடுத்த ஆண்டு முழுவதும் கூடுவது 2 முதல் 2.5 கிலோதான். உடம்பு கேட்பது குறைந்துவிட்டது, நம் கிண்ணம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நடக்கப் பழகிய பிறகு, பழக்கமில்லாத உணவைக் கண்டால் பயப்படும் குணம் பிள்ளைகளுக்கு வருகிறது. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை இது கூடுதலாக இருக்கும். நேற்று வரை தின்ற பூசணிக்காயை இன்று தள்ளிவிடுவதும் இதில் அடக்கம். பிடிவாதமும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை.

ஒரு நாள் கணக்கைப் பார்க்காமல் ஒரு வாரக் கணக்கைப் பாருங்கள். திங்கள் முழுவதும் வாழைப்பழத்திலேயே ஓட்டிய பிள்ளை புதன்கிழமை மூன்று தோசை தின்னும்.

எவ்வளவு சாப்பிட்டால் போதும்?

நினைவில் வைக்க எளிதான அளவு: ஒவ்வொரு உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்குச் சோறு 2 மேசைக்கரண்டி, பருப்போ மீனோ முட்டையோ 2 மேசைக்கரண்டி, காய் 2 மேசைக்கரண்டி, பிறகு ஒரு துண்டு பப்பாளி. இதைத் தட்டில் வைத்துப் பார்த்தால் மனம் கேட்காது. கடையில் சம்பல் வைத்துத் தரும் சின்னக் கிண்ணம் மூன்று நிறைந்தால் மிச்சமில்லை. ஆனால் இது தொடக்க அளவு. இன்னும் கேட்டால் இன்னும் போடுங்கள்.

குறைவாகப் போட்டுக் கேட்க வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. குவித்து வைத்த தட்டைக் கண்டதுமே பிள்ளை மலைத்துப்போகிறது. சின்னக் கிண்ணத்தைக் காலி செய்த பிள்ளை ‘இன்னும்’ என்று சொல்லக் கற்றுக்கொள்கிறது. பிற்காலத்திலும் தன் வயிற்றின் பேச்சைக் கேட்டுச் சாப்பிட அந்தச் சொல் உதவும்.

காலை, மாலை, இரவு, நடு ராத்திரி என்று நான்கு புட்டி பால் குடிக்கிறான். சோறுதான் இறங்கவில்லை. பாலாவது குடிக்கிறானே என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. சாப்பிடாத பிள்ளை என்று வரும் பலரின் சிக்கல் இந்தப் புட்டியில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 210 மில்லி புட்டி நான்கு என்றால் 840 மில்லி. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 65 கலோரி. மொத்தம் 550 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதுக்கும் தேவை 900 முதல் 1,000 கலோரி. பாதிக்கு மேல் பாலிலேயே முடிந்துவிட்டது. மதியம் ஒரு பிஸ்கட், சாயங்காலம் ஒரு பாக்கெட் சாறு என்றால் சோற்றுக்கு வயிற்றில் ஏது இடம்?

இதைவிடப் பெரிய கவலை இரும்புச்சத்து. பாலில் இரும்பு மிகக் குறைவு; பாலில் உள்ள கால்சியம், மற்ற உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் குறைக்கிறது. இரும்பு குறைந்தால் இரத்தச் சோகை வரும். இரத்தச் சோகை வந்தால் பசியும் குறையும். பசி குறைந்ததால் மேலும் பால் கொடுக்கிறோம். இந்தச் சுழலை எங்காவது வெட்ட வேண்டும்; பாலில் வெட்டுவதுதான் எளிது.

ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 350 முதல் 500 மில்லி போதும். குறைக்கும்போது முதலில் எடுக்க வேண்டியது நடு ராத்திரிப் புட்டி. தூக்கத்தில் வாயில் தேங்கும் பால் பல்லையும் கெடுக்கிறது. அடுத்து எடுக்க வேண்டியது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வரும் புட்டி. மூன்று நாளைக்கு ஒருமுறை 30 மில்லி குறையுங்கள்: 210, 180, 150 என்று. மூன்று வாரத்தில் ஒரு புட்டி நின்றுவிடும். மாவுப்பால் என்றால் தண்ணீரும் மாவும் சேர்ந்து குறைய வேண்டும். தண்ணீரைக் கூட்டி நீர்க்கக் கலக்காதீர்கள். மிஞ்சும் பாலைக் கப்பில் கொடுங்கள். 18 மாதத்துக்குள் புட்டியை நிறுத்திவிடுவது நல்லது.

எங்கே தவறுகிறது? ஒரே நாளில் எல்லாப் புட்டியையும் ஒளித்துவைப்பதில். பிள்ளை இரண்டு இரவு அழும். மூன்றாம் இரவு வீட்டில் யாராவது ஒருவர் மனமிளகிப் புட்டியைக் கொடுப்பார். மூன்று இரவு அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்ளும்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காமல் பிறகு கொடுங்கள்.

ஒரு வயதுக்கு மேல் குடிக்கும் ‘வளர்ச்சிப் பால்’ மாவு கட்டாயம் வேண்டுமா?

வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில் 12 முதல் 23 மாதப் பிள்ளைகளுக்கு அந்த மாவுகளைப் பரிந்துரைக்கவில்லை. சாதாரண முழுக்கொழுப்புப் பாலே போதும். டின் பாலுக்குப் போகும் காசில் வாரம் முழுவதும் மீனும் முட்டையும் வாங்கலாம். மருத்துவர் குறிப்பிட்ட காரணம் சொல்லிக் கொடுத்த பால் வேறு. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தை எப்படி அமைப்பது? நாங்கள் வீட்டுக்கு வரவே ஏழு மணி ஆகிறது.

மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளைச் சிற்றுண்டி, இடையில் இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். உதாரணமாக 7.30க்குப் பசியாற, 10 மணிக்குப் பழம், 12.30க்குச் சாப்பாடு, தூங்கி எழுந்து 3.30க்குச் சிற்றுண்டி, 6.30க்கு இரவுச் சாப்பாடு.

வேலைக்குப் போகும் வீடுகளில் இந்தக் கணக்கு உடைவது சாயங்காலம். தஸ்காவில் (பிள்ளைகள் காப்பகத்தில்) 3.30க்குச் சாப்பிட்ட பிள்ளையை 6 மணிக்கு அழைத்து வருகிறோம். காரில் நெரிசல். பிள்ளை சிணுங்குகிறது, பையில் இருக்கும் பிஸ்கட்டோ முறுக்கோ கைக்குப் போகிறது. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது பசி போய்விட்டது.

இரண்டு வழி உண்டு. காரில் கொடுப்பதை உண்மையான உணவாக்குங்கள்: அரை பிசாங் மாஸ் வாழைப்பழம், மெத்தென்று வேகவைத்த இரண்டு துண்டு சர்க்கரைவள்ளி. மென்மையானது, சின்னது, பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். யாரும் பார்க்காமல் காரில் தின்றால் தொண்டையில் அடைத்தாலும் தெரியாது. அல்லது, காலையிலேயே செய்துவைத்த பருப்புச் சோற்றை ஃபிரிஜிலிருந்து எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்து, வந்த 15 நிமிடத்தில் தட்டில் வையுங்கள். பெரியவர்கள் 8 மணிக்குச் சாப்பிடும்போது பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு துண்டு காய் கடிக்கட்டும். சமைத்த உணவு நம் ஊர் வெக்கையில் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் உள்ளே போவது அதிகமாகாது, வெறுப்புதான் கூடும். தட்டை எடுத்துவிடுங்கள், முகம் மாறாமல்.

ஊட்டிவிடுவது தவறா? பாதி வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்தால் எப்படி விடுவது?

ஊட்டுவது நம் வழக்கம், அதில் அன்பு இருக்கிறது. நிலாவைக் காட்டி ஒரு கவளம் கொடுப்பதில் குற்றமில்லை. குற்றம், பிள்ளை வாயை மூடிய பிறகும் ஊட்டுவதில் இருக்கிறது. தலையைத் திருப்புவது, கரண்டியைத் தட்டுவது, வாயிலேயே ஒதுக்கி வைத்துக்கொள்வது: இவை எல்லாம் ‘போதும்’ என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப மீறினால் பிள்ளை தட்டைக் கண்டாலே அழத் தொடங்குகிறது.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொன்ன பங்கீடு உலகம் முழுவதும் பின்பற்றப்படுகிறது. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்கிறது. நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழ்: என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று பிள்ளை சொல்கிறது, எத்தனை வாய் என்று நாம் சண்டை போடுகிறோம்.

கைத்தொலைபேசியைக் காட்டி ஊட்டினால் நிறைய இறங்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை என்ன சாப்பிடுகிறோம் என்று பார்க்கவில்லை, வயிறு நிறைந்ததை உணரவில்லை, மெல்லவும் மறந்து விழுங்குகிறது. முதல் வாரம் ஒரு வேளைக்கு மட்டும் நிறுத்துங்கள், காலைப் பசியாறலில் தொடங்கினால் எளிது. அந்த வாரம் குறைவாகத்தான் சாப்பிடும். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியது நாம்.

உட்காரும் இடத்தையும் பாருங்கள். உயர நாற்காலியில் கால் தொங்கினால் பிள்ளைக்கு உடம்பு நிலைகொள்ளாது, நெளியும், இறங்கத் துடிக்கும். காலடியில் ஒரு ஸ்டூல் முட்டுக் கொடுங்கள். பாதம் முழுவதும் பதிய வேண்டும். பாய் போட்டுக் கீழே எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது இதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

காய்கறியை எப்படிப் பழக்குவது?

ஒரு காய், இரண்டு வாரம். அவ்வளவுதான் திட்டம். ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளப் பல பிள்ளைகளுக்கு 8 முதல் 15 முறை பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் மூன்றாம் முறையிலேயே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பயத்தங்காயை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று நாள், கட்டைவிரல் நகம் அளவு ஒரே ஒரு துண்டு, பிள்ளைக்குப் பிடித்த உணவின் பக்கத்தில். ஒன்றும் சொல்லாதீர்கள். நீங்கள் அதையே சாப்பிடுங்கள். நான்காம் நாள் சமைக்கும்போது காயை ஒடித்துத் தரச் சொல்லுங்கள்; ‘டக்’ என்று ஒடியும் சத்தம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். தொட்ட கையை மூக்கில் வைப்பார்கள், நக்குவார்கள். அதுவும் கணக்கில் சேரும். இரண்டாம் வாரம் உருவத்தை மாற்றுங்கள்: ஒருநாள் தேங்காய்த் துருவலோடு பிரட்டல், ஒருநாள் முட்டையோடு, ஒருநாள் சொதியில். கடித்துத் துப்பினால் கோபிக்காதீர்கள். துப்பக் கிண்ணம் ஒன்றைப் பக்கத்திலேயே வையுங்கள். துப்பலாம் என்று தெரிந்த பிள்ளை துணிந்து வாயில் வைக்கும்.

கீரையை மறுப்பதற்குப் பலநேரம் ருசி காரணமே இல்லை, பல் காரணம். முதல் கடைவாய்ப்பல் 13 முதல் 19 மாதத்துக்குள் வரும், இரண்டாவது கடைவாய்ப்பல் 23 முதல் 33 மாதத்துக்குள். அதுவரை நார் உள்ள எதையும் அரைக்க முடியாது. முழு இலை மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கங்கோங் தண்டு வாயில் கயிறாக உருளும், பிள்ளை ஓங்கரிக்கும். அதற்குப் பிறகு பச்சையாக எதைக் கண்டாலும் பயம். இரண்டரை வயது வரை பாயாம் கீரையின் இலையை மட்டும் எடுத்து, அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகக் குறுக்கே நறுக்கி, பருப்போடு ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். சாவி (கடுகுக் கீரை வகை) போன்ற கசப்புக் கீரை என்றால் இறக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பால் சேர்த்தால் கசப்பு அடங்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ‘கீரை சாப்பிட்டால் ஐஸ்கிரீம்.’ கீரை தண்டனை, ஐஸ்கிரீம் புதையல் என்று நாமே கற்றுக்கொடுக்கும் பாடம் அது.

தோசை மாவில் அரைத்து மறைத்துக் கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் பெயர் சொல்லிக் கொடுங்கள். ‘கீரைத் தோசை’ என்று சொன்னால் பிள்ளைக்குக் கீரையோடு பழக்கம் ஏற்படும். மறைத்தது தெரியவந்தால் தோசையையும் சேர்த்து ஒதுக்கிவிடும்.

ஒரு கப் மாவுக்கு, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பிழிந்து அரைத்த கீரை 2 மேசைக்கரண்டி. அதற்கு மேல் போனால் தோசை கல்லில் ஒட்டும், கிழியும், பச்சை வாடை வரும். பிழியாமல் அரைத்தால் மாவு நீர்த்துவிடும். கேரட் என்றால் மிக மெல்லிய துருவலாக 2 மேசைக்கரண்டி. தோசை பாதி வெந்ததும் மேலே அடித்த முட்டை பாதியை ஊற்றிப் பரப்பி, திருப்பிப் போட்டு நன்றாக வேகவிட்டால் ஒரே தோசையில் புரதமும் சேர்ந்துவிடுகிறது. மாவில் கால் பங்கு கேழ்வரகு சேர்த்தாலும் தோசை நன்றாகவே வரும்.

ரசம் சோறும் பருப்புத் தண்ணீரும் மட்டும்தான் இறங்குகிறது. சத்து போதுமா?

போதாது. பருப்புத் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். சத்து அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது. ரசம் சோறும் அப்படித்தான். சின்ன வயிற்றை நிறைத்துவிடும், சக்தி கொடுக்காது.

எளிய சோதனை: கரண்டியில் அள்ளிச் சாயுங்கள். தண்ணீராக ஓடினால் மெலிது, மெதுவாக நழுவினால் சரி. அரிசி 3 பங்கு, பாசிப்பருப்பு 1 பங்கு, குழைய வேகவைத்து மசித்து, ஒரு கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய். அந்த ஒரு தேக்கரண்டி 40 கலோரி கூட்டுகிறது, அளவு கூடாமல். இரண்டு வயதுக்குள் கொழுப்பைக் குறைக்க வேண்டியதில்லை. ரசம் வேண்டும் என்று அழுதால் அந்தச் சோற்றின் மேலேயே இரண்டு கரண்டி விடுங்கள். வாசம் கிடைத்தால் போதும் என்று இருக்கும் பிள்ளைகள் உண்டு.

மீன், இறைச்சி, இரும்புச்சத்து: எதை எப்படிக் கொடுப்பது?

1 முதல் 3 வயதுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் இரும்பு தேவை. கோழித் தொடைக்கறி, ஆட்டுக்கறி, மீன், முட்டை, பருப்பு, தவ்ஹூ, தெம்பே (புளிக்கவைத்த சோயா) எல்லாம் சிறிது சிறிதாகச் சேர்ந்துதான் அது நிறையும். கீரையில் இரும்பு இருந்தாலும் உடம்பில் சேர்வது குறைவு, அதையே நம்பியிருக்க முடியாது. கூடவே கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு, எலுமிச்சைச் சாறு ஏதாவது ஒன்று இருந்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். தேநீர் அதைத் தடுக்கும். கோழி ஈரல் இரும்பில் சிறந்தது, ஆனால் வைட்டமின் ஏ மிக அதிகம்; வாரத்தில் ஒருநாள், ஒரு மேசைக்கரண்டி.

மீனில் கெம்போங்கை விட்டுவிடாதீர்கள். ஊரில் கானாங்கெளுத்தி என்பார்கள். விலை மலிவு, ஒமேகா கொழுப்பு நிறைந்தது. முள்ளுக்குப் பயந்துதான் பலர் கொடுப்பதில்லை. முள் எடுப்பது இப்படி: மஞ்சளும் இஞ்சியும் தடவி முழு மீனை 10 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஆறியதும் தோலை உரித்து, நடு முள்ளின் மேல் கரண்டியால் கோடு இழுத்தால் மேல் சதை இரண்டு பாளமாகப் பிரியும். வயிற்றுப் பக்கத்துச் சதையில்தான் வளைந்த முள்கள் வரிசையாக இருக்கும். அந்தப் பகுதியைப் பெரியவர்கள் சாப்பிடட்டும். முதுகுச் சதையை மட்டும் எடுத்து, கரும் நிறத் தட்டில் பரப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சிறிது சிறிதாக நசுக்குங்கள். வெள்ளைத் தட்டில் முள் தெரியாது, கரும் தட்டில் மயிரிழை முள்கூடத் தெரியும். சதையின் நடுவே ஓடும் கரும்பட்டைதான் வாடைக்குக் காரணம். முதல் சில நாள் அதை நீக்கிவிட்டு, எலுமிச்சை நான்கு சொட்டுப் பிழிந்து சோற்றில் பிசையுங்கள்.

நெத்திலிப் பொடி இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. கால்சியத்துக்கு நல்லது, உப்புதான் சிக்கல். தலையும் குடலும் நீக்கி, 15 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றி, உலர்த்தி, எண்ணெய் இல்லாமல் மொறுமொறுப்பாக வறுத்துப் பொடியுங்கள். ஒரு வேளைக்கு அரைத் தேக்கரண்டி. இந்த வயதுக்கு ஒரு நாள் உப்பு மொத்தமே 2 கிராம், தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு. நெத்திலி போட்ட சோற்றில் வேறு உப்பு வேண்டாம். குழம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் முழுதாகப் போடும் முன் பிள்ளையின் பங்கை எடுத்து வைத்துவிடுவது இன்னும் எளிது.

செவ்வாய், வெள்ளி மரக்கறி என்றால் அன்றைக்குத் தெம்பேயை மெல்லிய துண்டாக வெட்டி, கிச்சாப்பை (சோயா சாற்றை) ஒரு துளி மட்டும் தொட்டு வாட்டுங்கள். எப்போதும் மரக்கறி, பாலும் முட்டையும்கூட இல்லை என்ற வீட்டில் வைட்டமின் பி12 தனியாகக் கொடுக்க வேண்டும், கிளினிக்கில் கேளுங்கள்.

காலையில் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பது பழக்கம். மைலோ பரவாயில்லையா?

தேநீர் வேண்டாம், எவ்வளவு நீர்க்கப் போட்டாலும். அதோடு நாம் சேர்க்கும் கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. டின்னை எடுத்துப் பாருங்கள். இங்கே விற்பதில் பல, செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர்தான், அசல் கெட்டிப்பால்கூட அல்ல.

மைலோ பாலுக்கு மாற்று அல்ல. எப்போதாவது ஒரு நாள் என்றால், சர்க்கரை கூடுதலாகக் கலந்த பாக்கெட்டை விட்டு, சாதாரண மைலோ ஒரு தேக்கரண்டியைப் பாலில் கலக்குங்கள், கெட்டிப்பால் சேர்க்காமல். பழச்சாறு 1 முதல் 3 வயதுக்கு ஒரு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம். பழமாகக் கொடுத்தால் அதுவும் தேவையில்லை. வெறும் பிஸ்கட்டுக்குப் பதில் காலையில் ஒரு இட்லி, பாதி முட்டை. ஒரே வாரத்தில் மாறாது, மூன்று வாரத்தில் மாறும்.

நாங்கள் பழக்குவதைத் தாத்தா பாட்டி கெடுத்துவிடுகிறார்கள்.

அவர்கள் கவலை உண்மையானது. பேரப்பிள்ளை மெலிந்திருப்பதைக் காண அவர்களால் முடியாது. ‘கொடுக்காதீர்கள்’ என்று தடுப்பதைவிட, கொடுக்க ஒன்றை அவர்கள் கையில் ஒப்படைப்பது பலிக்கும். ‘அத்தை, பத்து மணிக்குக் கொய்யா நறுக்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு’ என்றால் அந்த நேரத்து மிட்டாய் நின்றுவிடும். கிளினிக்குக்கு அவர்களையும் கூட்டிப் போங்கள். வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி ஏறுவதைத் தாதி காட்டிச் சொன்னால் நாம் பத்துத் தரம் சொன்னதைவிடப் பலன் அதிகம். தஸ்காவில் கேட்க வேண்டியது ஒன்றே: தூங்க வைக்கப் புட்டி கொடுக்கிறார்களா, எத்தனை மில்லி?

வெளியே சாப்பிடும்போது என்ன வாங்குவது?

வாழை இலைச் சாப்பாட்டுக் கடைதான் சின்னப் பிள்ளைக்கு மிகச் சிறந்த பள்ளிக்கூடம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் ஒரே இலையில் மூன்று காய், பருப்பு, தயிர். கூடத்தில் எல்லோரும் கையால் சாப்பிடுவதைப் பார்த்துப் பிள்ளையும் தொடும். அப்பளத்தை மட்டும் கடைசியில் கொடுங்கள்.

பினாங்கில் நாசி கண்டார் என்றால் ‘குவா அசிங்’ என்று கேட்டுக் குழம்பைத் தனியாக வாங்குங்கள். வெறும் சோறு, வெண்டைக்காய், அவித்த முட்டை. மாமாக் கடையில் ரொட்டி சானாயைவிடத் தோசையும் பருப்பும் மேல். கொப்பித்தியாமில் அரைவேக்காட்டு முட்டை பெரியவர்களுக்கு. பிள்ளைக்கு முழுதாக வெந்தது.

தொண்டையில் அடைக்கும் உணவுகள் எவை?

நான்கு வயது வரை முழு கடலை, முழு முந்திரி வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். மீன் உருண்டை, சாசேஜ் போன்றவற்றை வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் வெட்டி, பிறகு சின்னத் துண்டாக. ரம்புத்தான், மாத்தா கூச்சிங், டுக்கு: கொட்டை நீக்கிப் பிய்த்துத்தான். சின்னக் கப்பில் வரும் ஜெல்லி வேண்டவே வேண்டாம். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ எதையும் சாப்பிட விடாதீர்கள்.

ஓங்கரிப்பதும் அடைப்பதும் ஒன்றல்ல. ஓங்கரிக்கும் பிள்ளை இருமும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும். விரலை உள்ளே விடாதீர்கள். சத்தமே வராமல், இருமவும் முடியாமல், உதடு நீலமானால் அது அடைப்பு. பிள்ளையைக் குப்புறச் சாய்த்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். இன்னொருவர் 999ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அடுத்து வயிற்றழுத்த முறை. அதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. முதலுதவி வகுப்பில் ஒருநாள் கையால் செய்து பழகுங்கள்.

பசி எடுக்கும் மருந்து, பூச்சி மருந்து கொடுக்கலாமா?

பசி மருந்தைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். சில மருந்துகள் பிள்ளையைத் தூங்கவைக்கும், நிறுத்தியதும் பசி பழையபடி போய்விடும். பூச்சி மருந்துக்கு வயதும் அளவும் உண்டு, மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். கண்ணேறு கழிப்பது மன நிறைவுக்கு. அதோடு எடையையும் பார்த்துவிடுங்கள்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆகவே எடையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 18 மாதத் தடுப்பூசிக்கு அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்து வளர்ச்சி வரைபடத்தில் பிள்ளையின் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை சின்னதாக இருந்தாலும் தன் கோட்டிலேயே ஏறிக்கொண்டிருந்தால் கவலையில்லை. இரண்டு கோடு கீழே இறங்கினால் காத்திருக்காதீர்கள்.

அதோடு, மொத்தமே 20 வகை உணவுக்கும் குறைவாகச் சாப்பிட்டு, அதிலும் ஒவ்வொன்றாகக் கைவிட்டால். சாப்பிடும்போதெல்லாம் இருமினால், மூச்சுத் திணறினால். இரண்டு வயதாகியும் மசித்ததை மட்டுமே விழுங்கினால். உள் இமையும் நாக்கும் வெளிறியிருந்தால். மண்ணோ ஐஸோ தின்றால். வாரக்கணக்கில் மலச்சிக்கல் இருந்தால். பேச்சிலோ கண் பார்த்துப் பழகுவதிலோ தயக்கம் தெரிந்தால், மருத்துவரைப் பாருங்கள். போகும் முன் மூன்று நாள் பிள்ளை தின்றது, குடித்தது அனைத்தையும் நேரத்தோடும் மில்லியோடும் எழுதிக்கொண்டு போங்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் பசி குறைவது இயல்பு. கை கால் வாய்ப்புண் நோய் வந்த பிள்ளைக்கு வாய் எரியும். புளிப்பும் காரமும் விலக்கி, குளிர்ந்த தயிர், ஆறிய கஞ்சி, தண்ணீர் சிறுகச் சிறுகக் கொடுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.